ஏழு நட்சத்திரப் பழங்கள்

தில்லை நகரில் என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பழத்தைப் பார்ப்பதில்லை. அட்டையைத்தான் படிப்பார்கள். டிராகன் பழம், கிவி, வெண்ணெய்ப் பழம் என்று ஒவ்வொரு கூடைக்கு முன்னாலும் ஒரு மஞ்சள் அட்டை நிற்கும். அதில் என்ன சத்து, எந்த உறுப்புக்கு நல்லது, எப்படிச் சமைப்பது என்று என் கையாலேயே எழுதியிருப்பேன். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வாட்ஸ்அப்பில் நாலு பேர் ஒரே விஷயத்தை அனுப்பினால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆள் நான்.

போன சனிக்கிழமை கேரளத்திலிருந்து முதல் தடவையாக நட்சத்திரப் பழம் வந்தது. அட்டையில் இப்படி எழுதினேன்: 'வைட்டமின் சி நிறைந்தது. தாகம் தணிக்கும். சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும். ஜூஸ், ரசம், பச்சடி, ஊறுகாய்க்கு ஏற்றது.' சிறுநீரகம் என்று எழுதும்போதே அண்ணன் முகம் கண்முன் வந்துவிட்டது.

அண்ணன் அழகர்சாமிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில். காவிரி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, அவனுக்கோ நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். அண்ணி மலர்க்கொடி ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருப்பாள். மத்தியானத்துக்குள் கோடு தாண்டிவிட்டால் அன்று முழுக்க அவன் உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அன்று சாயங்காலம் ஏழு பழம் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டை நட்சத்திரம் நட்சத்திரமாக நறுக்கி, மிளகாய்த்தூள் மட்டும் தூவிக் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினான்.

"பாப்பா, ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் தொண்டை நனைஞ்சிருக்கு" என்றான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீதி ஐந்தை ஃபிரிட்ஜில் வைத்து, அட்டையில் எழுதியதை அண்ணியிடம் ஒப்பித்துவிட்டு, பெரிய சாதனை செய்தவள் மாதிரி கே.கே. நகருக்கு வந்து தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணி போன் செய்தாள். பின்னாலிருந்து அண்ணன் விக்குகிற சத்தம் கேட்டது.

"அனுசுயா, விடியக்காலையிலேர்ந்து ஒரே விக்கல். யாரோ நினைக்கிறாங்க. ஹாஸ்டல்ல இருக்கற எம்புள்ள சித்தார்த் பேரச் சொன்னேன், நிக்கல. முசிறி மாமா பேரச் சொன்னேன், நிக்கல. நீ நினைச்சியா?"

"நான்தான் நினைச்சேன் அண்ணி. அண்ணனுக்குப் பழம் புடிச்சிருந்துச்சே, இன்னொரு பெட்டி சொல்லலாமான்னு" என்று சிரித்தேன். "தண்ணி குடுங்க, நின்னுடும்."

"இப்பவே தண்ணியக் குடுத்துட்டா சாயங்காலம் என்ன பண்றது?"

"அப்ப அந்தப் பழத்துல ஒண்ணு அறுத்துக் குடுங்க."

அதைச் சொன்னது நான்தான். விக்கல் வந்தால் பெயர் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், திடுக்கிட வைப்பார்கள். விக்கலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

பதினொன்றரைக்கு மறுபடி போன். கடையில் நல்ல கூட்டம். மறு காதைப் பொத்திக்கொண்டு அண்ணி சொன்னதைக் கேட்டேன்.

"என்னப் பாத்து யாரும்மா நீங்கங்கறாரு. வலது கையி தூக்க முடியல. ஆட்டோல ஏத்திட்டேன். நீ ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துடு."

கடையை, வேலைக்கு இருக்கிற சுஜாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அண்ணனுக்கு டயாலிசிஸ் செய்கிற ஆஸ்பத்திரி கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அவர்கள் காவிரிப் பாலத்தைத் தாண்டி வரவேண்டும். இருபது நிமிடம் வாசலில் நின்றேன். வருகிற ஆட்டோ ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தேன். கடைசியில் வந்த ஆட்டோவில், ஆள் தெரிவதற்கு முன்னாலேயே விக்கல் சத்தம் கேட்டது.

டியூட்டி டாக்டர் அஃப்ஷீன் சின்ன வயதுப் பெண். டார்ச் அடித்து அண்ணன் கண்ணைப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், பேரைக் கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை.

"நேத்துலேர்ந்து என்ன சாப்பிட்டார்? புதுசா ஏதாவது குடுத்தீங்களா?"

"இட்லி மட்டும்தான் டாக்டர். உப்புகூடப் போடல" என்றாள் அண்ணி.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. போன மாதம் அண்ணன் ஒரு மாம்பழம் சாப்பிட்டதற்கு, டயாலிசிஸ் நர்ஸ் வெள்ளையம்மாள் அத்தனை நோயாளிகள் முன்னாலும் அண்ணியை நிற்கவைத்து, 'உங்க வீட்டுக்காரர் உசிரோட இருக்கணுமா வேண்டாமா?' என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் யார் என்ன கேட்டாலும் அண்ணியின் பதில் இட்லிதான்.

நானாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற எனக்கு அங்கே நாக்கு எழவில்லை. பழம் காரணம் இல்லையென்றால் வீணாக அவமானம். பழம்தான் காரணம் என்றால் அண்ணனைக் கொன்றவள் நான். இரண்டில் எதையும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"பக்கவாதம் மாதிரி இருக்கு. முதல்ல தலைக்கு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார் டாக்டர். ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், டாக்டரும் கூடவே நடந்தார். ஸ்கேன் அறை வாசலில் இன்னொரு நோயாளி உள்ளே இருப்பதாகச் சொல்லி நிறுத்தினார்கள். அண்ணன் ஒவ்வொரு தடவை விக்கும்போதும் ஸ்டிரெச்சர் கிறீச்சென்றது.

சுவரோரம் நின்று போனை எடுத்தேன். அட்டை எழுதும்போது 'நட்சத்திரப் பழம் நன்மைகள்' என்று போட்டுத்தான் தேடியிருந்தேன். நன்மைகளைக் கேட்டேன், நன்மைகள் வந்தன. இப்போது 'நட்சத்திரப் பழம் விக்கல்' என்று போட்டேன். முதல் வரியிலேயே இருந்தது. சிறுநீரக நோயாளிகள் ஒரு பழம்கூடச் சாப்பிடக் கூடாது. அதிலுள்ள நஞ்சு வெளியேற வழியில்லாமல் மூளைக்கு ஏறும். முதலில் விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு. அதற்குக் கீழே 'மரணம்' என்று இருந்தது.

அறைக் கதவு திறந்தது. ஸ்டிரெச்சரை உள்ளே தள்ளப் போனார்கள். நான் பாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், இட்லி இல்ல. ஸ்டார் ஃப்ரூட். நான்தான் குடுத்தேன். நேத்து ரெண்டு, இன்னிக்குக் காலைல ஒண்ணு."

டாக்டர் அஃப்ஷீனின் முகம் மாறியது. "விக்கல் எப்போ ஆரம்பிச்சது?"

"விடியக்காலைல."

"இத வந்தவுடனே சொல்லியிருக்கணும்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. வெள்ளையம்மாள் மாதிரி நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஸ்டிரெச்சர் திரும்பியது. "டயாலிசிஸுக்குக் கொண்டு போங்க. உடனே. நாலு மணி நேரம்."

டயாலிசிஸ் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். அண்ணி என்னை அறைவாள் என்று காத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அனுசுயா."

"சொல்லுங்க அண்ணி."

"ஒண்ணு குடுத்தேன், நிக்கல. இன்னொண்ணு குடுத்தேன். தண்ணி கேட்டு அழுதாரு. தண்ணி குடுக்கக் கூடாதுல்ல? பழம்தான் சிறுநீரகத்துக்கு நல்லதுன்னு உன் அட்டையிலேயே போட்டிருக்கே." தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். "அஞ்சையும் குடுத்துட்டேன்."

மொத்தம் ஏழு.

"உள்ள போயிச் சொல்லுங்க."

"நீதான் சொல்லிட்டியே."

"நான் மூணுன்னு சொன்னேன். அவங்க மூணுக்குத்தான் வைத்தியம் பண்றாங்க!"

"அந்த நர்ஸம்மா உள்ள இருக்காங்க. எல்லார் முன்னாடியும்..."

"திட்டட்டும் அண்ணி! திட்டிட்டுப் போகட்டும்!"

அண்ணியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தது வெள்ளையம்மாள்தான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "ஏழு" என்றாள். வெள்ளையம்மாள் உடனே திரும்பி, "டாக்டர், மொத்தம் ஏழாம்" என்று குரல் கொடுத்தார். நாலு மணி நேரம் என்றது எட்டு மணி நேரமானது. நாளைக்கு மறுபடியும் ஒரு டயாலிசிஸ் என்றார்கள்.

நான் கடைக்குப் போன் செய்தேன். "சுஜா, ஸ்டார் ஃப்ரூட் கூடைய உள்ள எடுத்து வை. அந்த அட்டையக் கிழிச்சுப் போடு. வாங்கிட்டுப் போனவங்க நம்பர் இருந்தா ஒண்ணு விடாம கூப்பிட்டு, கிட்னி பிரச்சினை இருக்கறவங்க தொடக் கூடாதுன்னு சொல்லு."

இரண்டு மணிக்கு வலிப்பு வந்தது. உள்ளே ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது, கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. அண்ணி என் தோளைக் கடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மறுபடியும் விக்கல் மட்டும் கேட்டது. காலையில் சிரித்துக்கொண்டே கேட்ட அந்தச் சத்தத்தைத்தான் இப்போது இரண்டு பேரும் பிடித்துத் தொங்கினோம். விக்கினால் உயிர் இருக்கிறது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றுபோனது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்தது வருமென்று காத்திருந்தோம். வரவில்லை. அண்ணி மெல்ல ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள், விக்கலைத் திரும்பக் கூப்பிடுகிற மாதிரி. "சித்தார்த்... முசிறி மாமா... அனுசுயா..."

கதவு திறந்தது. வெள்ளையம்மாள் நின்றார். "ரெண்டு பேரும் வாங்க. கண்ணு முழிச்சிட்டாரு."

அண்ணன் மெஷின் பக்கத்தில் படுத்திருந்தான். முகம் வாடிக் கிடந்தாலும் கண்ணில் ஆள் தெரிந்தது. டாக்டர் அஃப்ஷீன் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"உங்க பேரு சொல்லுங்க."

"அழகர்சாமி."

"இவங்க யாரு?"

"மலர்க்கொடி. அது என் தங்கச்சி."

"நேத்து சாயங்காலம் என்ன சாப்பிட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

அண்ணன் எங்களைப் பார்த்தான். அழுது வீங்கிய அண்ணியின் முகத்தைப் பார்த்தான். அவள் பக்கத்தில் நின்ற வெள்ளையம்மாளையும் பார்த்தான். வறண்ட உதட்டை ஒரு தரம் நக்கிக்கொண்டான்.

"இட்லி மட்டும்தாம்மா" என்றான். "உப்புகூடப் போடல."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். அவன் முழுசாகத் திரும்பி வந்துவிட்டான் என்று அந்தப் பொய்யில்தான் எனக்கு உறுதியானது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"பொய் சொல்றாரு டாக்டர். ஏழு பழம். நாங்கதான் குடுத்தோம்."