இடப்பக்கம் போன குண்டுகள்

பெண் குழந்தைக்குத் துப்பாக்கி எதற்கு என்று நான் ஒரு வாரம் கத்தினேன். என் கணவர் தணிகாசலம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் கோமதிக்கு ஒன்பது வயது. வகுப்பில் வாயே திறப்பதில்லை. குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொண்டால் தைரியம் வரும் என்று அவளுடைய டீச்சர் மிஸ் கோரிகன் சொல்லிவிட்டாள். டீச்சர் சொன்னால் இவருக்கு வேதவாக்கு. நாங்கள் குடியேறியிருந்த ஸ்கார்பரோவில் அந்தப் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில், சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளைப் பாயில் குப்புறப் படுக்கவைத்துச் சின்ன ரைஃபிளில் சுடப் பழக்குவாள் அந்த அம்மாள். 1974இல் இந்த ஊர்க்காரர்களுக்கு அது நீச்சல் வகுப்பு மாதிரி.

மற்றப் பிள்ளைகள் மூன்றாவது வாரமே அட்டையின் நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தைத் துளைத்தார்கள். கோமதியின் குண்டுகள் எல்லாம் இடப்பக்கமாகவே போயின. பாதி அட்டையிலேயே படவில்லை. இவர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, காரைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அன்னத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்னம் இவருடைய தங்கை. பத்து வயதில் டம்ளரைத் தட்டிவிட ஆரம்பித்தாள், நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். கல்யாண வயது வருவதற்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. வம்சத்தில் வரக்கூடியது என்று வேலூரில் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கோமதிக்கு எண்ணத் தெரிந்த நாளிலிருந்து இவருக்கு ஒரு வழக்கம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே நின்று, கூடத்தின் மறுகோடியில் இருக்கும் அவளுக்கு விரல்களைக் காட்டி "எத்தனை?" என்பார். அவள் அதை விளையாட்டு என்று நினைத்தாள். அவள் சரியாகச் சொன்ன பிறகுதான் இவருக்கு மூச்சே வரும்.

கோமதியும் டம்ளரைத் தட்டிவிடுவாள். பந்தைப் போட்டால் பிடிக்க மாட்டாள். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். கவனமில்லாத கழுதை என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். இவரோ ஒவ்வொன்றையும் மனசுக்குள் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

அந்த வாரம் ஒருநாள் ஆபீசிலிருந்து வந்ததும், "அடுத்த செவ்வாய்க்கிழமை கண் டாக்டரப் பாக்கறோம், வனஜா," என்றார்.

"காலையில விரலச் சரியாத்தானே சொன்னா?"

"அன்னமும் ஆரம்பத்துல சரியாத்தான் சொன்னா."



அந்தச் சனிக்கிழமை நானும் அடித்தளத்துக்குப் போனேன். கோமதி காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு படுத்தாள், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள், சுட்டாள். மறுபடியும் இடப்பக்கம். இவர் தரையைப் பார்த்தார். நான் முருகனைக் கூப்பிட்டேன்.

வந்தது மிஸ் கோரிகன்தான். ரைஃபிளைக் கீழே வைக்கச் சொன்னாள். கோமதியை எழுப்பி, இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விடச் சொன்னாள். அதன் வழியாகக் கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கைகளை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டை நேராக இடது கண்ணுக்கு வந்து நின்றது. திரும்பச் செய்தாலும் அதே கண்.

"இவள் எந்தக் கையால் எழுதுவாள்?" என்று எங்களைக் கேட்டாள்.

"வலது கை," என்றார் இவர்.

"பிறந்ததிலிருந்தே வலது கைதானா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வயதில் கோமதி எதற்கும் இடது கையைத்தான் நீட்டுவாள். நம் வீட்டில் விடுவோமா? பீச்சாங்கையால் சாப்பிடுவதா, எழுதுவதா என்று ஆளுக்கு ஒரு தட்டு தட்டி மாற்றிவிட்டோம். அதைப் பெரிய சாமர்த்தியமாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறோம்.

இவர் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். "வலது கைக்காரி என்று நினைத்து நானும் வலது தோளில் கொடுத்துவிட்டேன்," என்றாள் மிஸ் கோரிகன். "கையை மாற்றினாலும் குறி பார்ப்பது இவளுக்கு இடது கண்தான். வலது தோளில் வைத்து இடது கண்ணால் குறி பார்த்தால் குண்டு இடப்பக்கம்தான் போகும். டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் இதைப் பார்ப்போம்."

ரைஃபிளை இடது தோளுக்கு மாற்றினாள். கோமதி தலையணையில் சாய்வது போலக் கன்னத்தை அதில் வைத்துக்கொண்டாள். ஐந்து குண்டு. மிஸ் கோரிகன் எடுத்து வந்த அட்டையில் நான்கு ஓட்டை கறுப்புக்குள், ஒன்று வட்டத்தின் விளிம்பில்.

"அம்மா, இப்ப புள்ளி ஒண்ணுதான் தெரியுது!" கோமதி கத்தினாள். அவள் கத்தி நான் அன்றுதான் கேட்டேன். "முன்னாடி ரெண்டு தெரியும். எதச் சுடறதுன்னே தெரியாது."

"அத ஏண்டி சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

இவர் பெஞ்சில் உட்கார்ந்து மஃப்ளரால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை பேர் முன்னால் இதென்ன என்று அதட்டப் போய், நானும் அழுதுவிட்டேன். அவ்வளவு நிம்மதி எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் மருந்து விட்டு, விளக்கடித்து, உள்ளேவரை பார்த்தார். அன்னத்துக்கு வந்ததன் சுவடுகூட இல்லை, டம்ளரைத் தட்டிவிடுவதெல்லாம் கையை மாற்றியதால் இருக்கலாம் என்றார். அன்றைக்குச் சாப்பிடும்போது இவர் கோமதியிடம், "சோறு மட்டும் வலது கையில சாப்பிடும்மா. மத்ததெல்லாம் உன் இஷ்டம்," என்றார்.

மறுநாள் காலை இவர் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே போனார். கூடத்தின் மறுகோடியில் இடது கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த கோமதி, நிமிர்ந்து விரலுக்காகக் காத்திருந்தாள். இவர் சும்மா கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"அப்பா இன்னிக்கு எத்தனைன்னு கேக்கவே இல்லம்மா. மறந்துட்டாரா?"

"ஆமாண்டி கண்ணு," என்றேன். "மறந்துட்டாரு."