ஏழை மண்

சல்லடை என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். மண் சலிப்பது தொழில் என்பதால் மட்டும் இல்லை. அண்ணி போட்டுத் தந்த டீயையே இன்னொரு தடவை வடிகட்டி, "கசடு இருக்கு அண்ணி" என்று சொன்ன மகராசன் அவன். ஒரு கல், ஒரு வேர், ஒரு கட்டி தாங்க மாட்டான். எரு கலந்து, ஈரம் பார்த்து, அவன் பக்குவம் பண்ணி அனுப்பும் மேல்மண்ணைக் கையில் எடுத்தால் கீழே போட மனசு வராது. அண்ணன் புல் வளர்ப்பார், அண்ணி அதைச் சுருள் சுருளாக லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவாள், மண் மட்டும் கொழுந்தன் ராஜ்ஜியம்.

அந்தப் பழைய மாளிகைத் தோட்டத்தைச் சீரமைக்கிற வேலை வந்தபோது வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. அப்படி ஒரு இடத்துக்கு அவர்கள் மண்ணும் புல்லும் கொடுப்பது அதுதான் முதல் தடவை. தோட்டத்துக்கு வரைபடம் போட்டுத் தந்த அம்மாள் கேட்டதைத்தான் அண்ணி வந்து சொன்னாள்.

"ஏழை மண்ணா வேணுமாம் தம்பி. சத்து ஒண்ணும் இல்லாத மண்ணு."

"ஏழை மண்ணா? என்கிட்டயா? அதை வாங்கவா இவ்வளவு தூரம் வந்தாங்க?"

"அவங்க கேக்கறதைக் குடுத்துட்டுப் போயேன்."

"சரி, சரி."

அவன் சரியை இரண்டு தடவை சொன்னால் ஒன்றும் சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அண்ணிக்கு அது உறைக்கவில்லை.

உறைத்தது, கடைசிச் சுருள்களோடு அவள் தோட்டத்தில் போய் இறங்கிய அன்றுதான். நடு வட்டத்தில் அன்று காலையில்தான் புல் விரித்திருந்தார்கள். சும்மா பார்ப்போமே என்று ஒரு ஓரத்தைத் தூக்கினாள். கீழே கன்னங்கரேலென்று மண், குப்பென்று எரு வாசனை. பக்கத்தில் நின்ற கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"அடப்பாவி! என்ன தம்பி பண்ணி வச்சிருக்க?"

"இருக்கறதுலயே நல்ல மண்ணு அண்ணி," என்றான் முகமெல்லாம் பல்லாக. "எவ்வளவு பெரிய தோட்டம்! இதுக்குப் போய் வத்தல் மண்ணையா போடறது? அவங்க சிக்கனம் பாத்துக் கேட்டிருப்பாங்க. நம்ம குடுக்கறதை நம்ம குடுப்போம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் வரைபடத்து அம்மாள் வந்துவிட்டார். "வாங்க ரெண்டு பேரும். மாடியிலேருந்து பாக்காம இது என்ன தோட்டம்னே தெரியாது" என்று கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

மாடி ஜன்னலில் நின்று பார்த்தான் சல்லடை. தோட்டத்தின் கோடியில் ஒரு மூலை மட்டும் அந்தக் காலத்தில் போட்டது போட்டபடி பிழைத்துக் கிடந்தது. வெள்ளைக் கல் பரப்பின் நடுவே புல்லையே கொடியாகவும் இலையாகவும் சுருளாகவும் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு விளிம்பும் இப்போதுதான் கத்தரித்த துணி மாதிரி. கொடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண் ஓடிக்கொண்டே இருந்தது. கீழே நின்றபோது வெறும் புல் திட்டாகத் தெரிந்ததா இது? அம்மாடி!

"இத்தனை காலமா கோடு கலையாம எப்படிம்மா இருக்கு?"

"பட்டினி போட்டுத்தான்," என்று சிரித்தார் அம்மாள். "சத்து இருந்தா புல்லு கொழுத்துக் கல்லு மேல ஏறிடும். மொதல்ல கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். அப்புறம் கொடியும் இருக்காது, இலையும் இருக்காது, எல்லாம் ஒரே பச்சை. நடு வட்டத்துலயும் இதே கொடியைத்தான் வெட்டப் போறோம், அதான் ஏழை மண்ணு கேட்டேன். அங்க புல்லு ரொம்ப அழகா போட்டிருக்கீங்க."

அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இவன் வாயைத் திறந்தால் புல்லைப் பெயர்க்க வேண்டும், மண்ணை அள்ள வேண்டும், தோட்டத்தின் திறப்பு விழா நின்றுபோகும். அதற்கப்புறம் எந்தப் பழைய தோட்டத்துக்காரர் இவர்களை வாசலில் சேர்ப்பார்? வாயை மூடிக்கொண்டிருந்தால் விழாவுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆகா என்பார்கள். புல் கொழுத்து வழியும்போது யார் மண்ணைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? அவள் கொழுந்தன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் ஏழை மண்ணு போடலம்மா," என்றான். "எரு கலந்து கொழுத்த மண்ணா போட்டுட்டேன். நீங்க சொன்னது எனக்கு மட்டமாப் பட்டுச்சு. அண்ணிக்குத் தெரியாது, இன்னிக்குத்தான் பாத்தாங்க. எல்லாத்தையும் எடுத்துடறேன்."

அம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. "விழா தள்ளிப் போகும்."

"தெரியும்மா."

"அடுத்த வேலைக்கு உங்களைக் கூப்பிட மாளிகைக்காரங்க விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது."

"அதுவும் தெரியும். ஆனா அந்தக் கொடி என் மண்ணால அழிஞ்சுதுன்னு இருக்கக் கூடாது."

அதற்கு மேல் அவன் அங்கே நிற்கவில்லை. கீழே இறங்கி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, புல்லை ஓரத்திலிருந்து சுருட்ட ஆரம்பித்துவிட்டான். நல்லவேளை, இன்னும் வேர் பிடிக்கவில்லை. வேலையாட்கள் முணுமுணுத்தார்கள், ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். அண்ணிக்குத் தன்னை நினைத்துக் கூச்சமாக இருந்தது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது இந்தக் கைதானே. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவனோடு மல்லுக்கு நின்றவள், அவன் மேல் இவ்வளவு மரியாதை வரும் என்று நினைத்ததே இல்லை.

சுருட்டியே வைத்தால் உள்ளே வெந்துவிடும் என்று புல்லையெல்லாம் மாளிகைக்குப் பின்னால் நிழலில் விரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். பிறகு மண். அவன் அத்தனை ஆசையாகப் பக்குவம் பண்ணிய மண்ணை அவனே வெட்டி அவனே கூடையில் தள்ளினான். முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை.

கூடைகள் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும்போது வரைபடத்து அம்மாள் வந்தார். செருப்பெல்லாம் சேறு. பழைய மூலையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்தார். வெளிறிப்போய், மணலும் பொடிக்கல்லுமாக, வாசனையே இல்லாத மண். அவன் அதை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்லாத இதை வச்சுக்கிட்டு என்னமா வளத்திருக்காங்க!" என்றான்.

"மாளிகைக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்," என்றார் அம்மாள். "இதே மாதிரி மண்ணு பண்ணத் தெரியுமா உங்களுக்கு?"

மண் விஷயத்தில் அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அண்ணி கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

"தெரியாதும்மா," என்றான் அவன். "எங்கேருந்து ஆரம்பிக்கணும், சொல்லுங்க."