நடுத்தூண் எந்தப் பக்கம்

தலையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்தபோது விரலெல்லாம் கரி. அரிசி களைந்துகொண்டிருந்த சண்முகசுந்தரி அண்ணாந்து பார்த்தாள். கூரையின் உச்சியில், முகட்டு மரத்தை ஒட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. கல்யாணமாகிக் கொடைக்கானல் மலைக் கிராமமான போளூருக்கு வந்தபின் அவள் பார்க்கும் முதல் பெருமழை. பழனி அடிவாரத்துப் பூக்கடைக்காரர் மகள் அவள். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். சின்ன வயதில் அப்பாவின் தராசைக்கூடக் கழற்றிப் போட்டு அடி வாங்கியிருக்கிறாள். ஓட்டு வீட்டில் வளர்ந்தவளுக்கு இந்தப் புல்வீடு வந்த நாளிலிருந்தே தீராத வேடிக்கைதான். ஏன் கூரையின் இறவாரம் இடுப்புயரத்துக்கு இறங்கிக் கிடக்கிறது, ஏன் ஒரு சன்னல்கூட இல்லை, அடுப்புப் புகை எந்த வழியாகப் போகிறது என்று புருஷன் பொன்னுவேலைக் குடைந்துகொண்டே இருப்பாள். காற்று கூரையைத் தூக்கிவிடக் கூடாதாம். குளிருக்குச் சன்னல் ஆகாதாம். புகை புல்லுக்குள்ளேயே கசிந்து போனால்தான் பூச்சி அண்டாதாம். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது.

அன்றைக்குக் கேட்டதற்கு மட்டும்தான் சரியான பதில் இல்லை. வெளியே இருந்து பார்த்தால் அது ஒரே நீள வீடு, ஒரே கூரை. உள்ளேதான் ரெண்டு. பொன்னுவேல் தொட்டிலில் கிடந்த காலத்தில் அவன் அப்பாவும் பெரியப்பாவும் மனஸ்தாபப்பட்டு, வீட்டின் குறுக்கே தரையிலிருந்து முகடுவரை மண்சுவர் எழுப்பிவிட்டார்கள். என்ன மனஸ்தாபம் என்று சொல்ல இன்றைக்கு ஆளில்லை. கூரையைப் பிரிக்க வழியில்லாததால் அது மட்டும் ஒன்றாகவே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் இப்போது பெரியப்பா மகன் ஞானவேலும் அவன் பெண்டாட்டி விசாலாட்சியும். இரு வீட்டு ஆண்களும் முகம் பார்த்துப் பேசியதே கிடையாது.

"இம்புட்டுப் பெரிய முகட்டு மரத்த நடுவுல எதுங்க தாங்குது? நம்ம பக்கம் ஓரத்துல ஒரு தூணுதான இருக்கு?" என்றாள் சுந்தரி.

"நடுத்தூணு அவுக பக்கம் மாட்டிக்கிருச்சு. அத ஒழுங்காப் பாக்க மாட்டேங்குறாக. அதான் முகடு எறங்கி ஒழுகுது." பொன்னுவேலுக்கு அதைச் சொல்லும்போதே முகம் சிவந்தது. "மழை விடட்டும். சுவத்த ஒட்டி மரத்த அறுத்து விட்டுட்டு நம்ம பக்கம் தகரம் போட்ருவேன். கொடைக்கானல்ல சொல்லி வச்சாச்சு."

அறுத்தால் அறுத்த முனை எதன்மேல் உட்காரும்? அது அவளுக்கு விளங்கவில்லை. மறுநாள் ஊற்றில் குடம் நிரப்பும்போது விசாலாட்சி மட்டும்தான் இருந்தாள். புருஷன்மார் பேசாவிட்டால் என்ன என்று சுந்தரி கேட்டுவிட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுல நடுத்தூணு எந்த எடத்துல நிக்குது?"

விசாலாட்சி குடத்தை இறக்கிவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்க வீட்டுலயா? அது உங்க பக்கம்ல இருக்கு! நீங்க கவனிக்காமத்தான் கூரை எறங்குதுன்னு இவரு தெனமும் கரிச்சுக் கொட்டுறாரு."

 பிறகு விசாலாட்சி குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

பொன்னுவேல் காட்டுக்குப் போனதும் சுந்தரி உலக்கையை எடுத்து அதன் முனையால் சுவரைத் தட்டிப் பார்த்தாள். தொம் தொம் என்று கெட்டிச் சத்தம். அந்தப் பக்கமிருந்தும் தொம் தொம் என்று பதில் வந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவள் ஒரு முழம் நகர்ந்து தட்ட, விசாலாட்சியும் நகர்ந்து தட்டினாள். சுவரின் நட்டநடுவில் வந்ததும் சத்தம் மாறியது. காலிக் குடத்தைத் தட்டியதுபோல் இருந்தது. இவள் நிறுத்தினாள். அந்தப் பக்கமும் நின்றுவிட்டது.

சாயங்காலம் சொன்னபோது பொன்னுவேல் சிரித்தான். ஆனாலும் கடப்பாரையை எடுத்தான். நாலு குத்துக்கு மண் சரிந்தது. உள்ளே சோலைக்காட்டு மரத்தாலான தூண் ஒன்று நின்றது. தூணை நடுவில் வைத்தே சுவரை எழுப்பியிருக்கிறார்கள். கை வைத்ததும் கரையானரித்த தூள் பொலபொலவென்று கொட்டியது.  அதே நேரத்தில் அந்தப் பக்கத்து மண்ணும் விழுந்தது. தூணுக்கு அப்பால் ஞானவேலின் முகம், அவன் கையிலும் கடப்பாரை. என்ன சொல்வதென்று யோசிக்கும் முன்னே மேலே படீரென்று ஒரு சத்தம். முகட்டு மரம் ஒரு சாண் இறங்கியது.

"ஏலே பொன்னுவேலு! முட்டுக் குடுறா, வெரசா!" என்று கத்தினான் ஞானவேல்.

பொன்னுவேல் ஏணியைத் தூக்கி மரத்துக்கடியில் நிறுத்தி முதுகை முட்டுக் கொடுத்தான். "அண்ணே, அங்கிட்டும் ஒண்ணு வையிண்ணே, என்னால தாங்க முடியல!"

அந்த 'அண்ணே' அவன் வாயிலிருந்து வந்ததை அவனே கவனித்தானோ என்னவோ. சுந்தரி கவனித்தாள்.

அந்தப் பக்கமும் ஒரு முட்டு நின்றதும், இருட்டுவதற்குள் காட்டோரத்துத் தைலமரம் ஒன்றை வெட்டி, ஆளுக்கொரு முனையைத் தூக்கி வந்து நிறுத்திவிட்டார்கள். "தூக்கு", "எறக்கு", "இன்னும் கொஞ்சம்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. வேலை முடிந்ததும் அவரவர் பக்கம் போய்விட்டார்கள். புதுத் தூணின் இரு புறமும் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சுவர் உடைந்து கிடந்தது. தகரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் வெள்ளென விழித்தபோது பாயில் பொன்னுவேல் இல்லை. வெளியே சுவருக்குக் குழைத்த மண்ணை மிதிக்கும் சத்தம் கேட்டது.  சுந்தரி எழுந்து சுவர் அருகே வந்தாள். இடைவெளிக்கு அந்தப் புறம் தலைமுடியை அள்ளிச் செருகியபடி விசாலாட்சியும் வந்து நின்றாள்.

"மண்ணு மிதிக்கிறது உங்க வீட்டுக்காரரா?"

"தெரியலக்கா. உங்க வீட்டுக்காரரு எங்க?"

"அவரும் உள்ள இல்ல."

ஓட்டையை அடைக்கவா, தூணின் அடியை மெழுகவா, இல்லை வேறெதற்காவதா? கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் ரெண்டு பேருக்கும் வெளியே போகக் கால் எழவில்லை. சேற்றில் கால் புதைந்து புதைந்து எழும் சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. மிதிப்பது ஒரு ஜோடிக் காலா, ரெண்டு ஜோடியா என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருவரும் கேட்டபடி நின்றார்கள்.