குன்றின் மேல் முப்பத்தைந்து

காலை நான்கு நாற்பது. டார்பெல் குன்றின் அடிவாரத்தில் ரோவீனா காரை நிறுத்தினாள். வானம் மூடியிருந்தது. ஒரு பனித்துகள்கூட விழவில்லை.

மாவட்டத்தின் ஐந்து பள்ளிகளையும் திறப்பதா மூடுவதா என்று ஐந்தரைக்குள் கல்வி அதிகாரியான அவள் சொல்லியாக வேண்டும். ஆறு மணிக்குப் பேருந்துகள் கிளம்பிவிடும். ஏழுக்கு மேல் உறைமழை வரலாம், வாய்ப்பு நாற்பது சதவீதம் என்றது வானிலை அறிக்கை. போன வாரம் எண்பது என்றார்கள். மூடினாள். நாளெல்லாம் வெயில் அடித்தது. குளிர்காலத்துக்கென்று ஒதுக்கிய ஐந்து விடுமுறைகளில் ஒன்றுதான் மிச்சம். பிப்ரவரி இப்போதுதான் பிறந்திருக்கிறது.

சாலைப் பொறுப்பாளன் மெர்ல் மணல் லாரியிலிருந்து இறங்கி வந்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“போன வாரம் நீ விட்ட புயல் லீவுல என் பொண்ணு வாசல்ல நின்னு ஐஸ்கிரீம் தின்னா. போட்டோ இருக்கு, காட்டவா?”

“ரோடு எப்படி இருக்கு, அதைச் சொல்லு.”

“காஞ்சு கிடக்கு. பக்கத்து மாவட்டத்துல ஹாலிஸ் ஸ்கூலை ரெண்டு மணி நேரம் தள்ளித் திறக்கறாராம். நீயும் அப்படியே செஞ்சுடு. தப்பாப் போனா திட்டு ஆளுக்குப் பாதி.”

அந்த வட்டாரத்தில் யாரும் தனியாக மூடுவதில்லை. சேர்ந்து மூடுவார்கள், சேர்ந்து திறப்பார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அவளும் ஹாலிஸைப் பார்த்துத்தான் தள்ளித் திறந்தாள். நான்காம் எண் பேருந்து இதே குன்றில் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. உள்ளே பதினோரு குழந்தைகள். ஒரு சிறுமிக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஓட்டிய வில்டா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அதே வண்டியைத்தான் ஓட்டுகிறாள்.

ரோவீனா குன்றின் மேல் ஏறினாள். அடிவாரத்தில் காரின் திரை இருபத்துநாலு பாகை பாரன்ஹீட் காட்டியது. முப்பத்திரண்டுக்குக் கீழே போனால் நீர் உறையும். பாதி வழியில் இருபத்தொன்பது. உச்சியில் முப்பத்தைந்து. ஜன்னலை இறக்கினாள். வழக்கமாக மேலே போகப் போகக் குளிர் கூடும். காற்றோ மார்ச் மாதத்துக் காற்றுபோல மெத்தென்று இருந்தது. இங்கே மழையாக இறங்குவது கீழே தார் மேல் பட்டதும் உறைந்துவிடும்.

தொலைபேசி அடித்தது. வில்டா.

“பஸ்ஸைச் சூடாக்கட்டுமா?”

“வேண்டாம் வில்டா. மூடறேன்.”

ஏழு மணிக்கு அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே சாலை காய்ந்து கிடந்தது. மூன்று பெற்றோர்கள் கூப்பிட்டுக் கத்தினார்கள். பிறகு ஹாலிஸ்.

“என் வாசல்ல அணில் ஓடுது ரோவீனா. அதுக்கு வழுக்கலையே.”

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

ஏழு நாற்பதுக்கு ஜன்னலில் யாரோ விரல் நகத்தால் தட்டுவதுபோல ஓசை கேட்டது. பிறகு நிறைய விரல்கள். கால் மணி நேரத்தில் மெர்ல் கூப்பிட்டான்.

“மணல் கொட்டுற வண்டியே வழுக்கிடுச்சு. ரோட்டுக்குக் குறுக்கே நிக்குது. எனக்கு ஒண்ணும் இல்ல.”

“எங்கே?”

“நாலாம் நம்பர் பஸ் திரும்புற வளைவுல.” லாரிக் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. “அந்த ஐஸ்கிரீம் போட்டோவை அழிச்சிடறேன்.”

எட்டு மணி ஆவதற்குள் ஹாலிஸும் மூடினார். அவருடைய பேருந்துகள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. ரோவீனா அப்போதுதான் காலணியைக் கழற்றினாள். காலையிலிருந்து பூட்டி வைத்திருந்த தோள்கள் தாமாக இறங்கின. ஆறிப்போன காபியைக் கடைசிவரை குடித்தாள். நன்றாகவே இருந்தது. வெளியே பிர்ச் மரங்கள் பனிக்கட்டி கனத்து, தலை தரையை நோக்கி வளையத் தொடங்கியிருந்தன.

மறுபடி தொலைபேசி. வில்டா.

“என் ஜன்னல்லேர்ந்து அந்த வளைவைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். மெர்ல் லாரியைத் தவிர காலியா இருக்கு.”

“ஆமா வில்டா.”

“நாளைக்கு பஸ்ஸைச் சூடாக்கட்டுமா?”