புளி போட்டுத் தேய்த்த குதிரை

குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்துப் பங்களாவில், குளிர்காயும் கணப்புக்கு இரண்டு பக்கமும் மேடைமேல் இரண்டு வெண்கலக் குதிரைகள். ஒவ்வொன்றும் முன்னங்காலைத் தூக்கித் திமிறும் குதிரை; அதன் கடிவாளத்தைப் பிடித்து மல்லுக்கட்டும் ஒருத்தன், உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. அம்மணக்காரன் என்று அவனுக்குப் பெயர் வைத்தது ராக்கு. பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பின்கட்டு அறையில் குடியிருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே அவனுக்குத் தூசி தட்டுகிறாள். பாரிஸில் ஆளுயரத்துக்கும் மேலே கல்லில் செதுக்கி நிற்கிற குதிரைகளைப் பார்த்து அந்தக் காலத்தில் வார்த்த நகலாம். தோட்டத்தை விற்ற வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது.

முதலாளி ராம்பிரசாத் போடியிலிருந்து போன் போட்டார். "ராக்கு, நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆளு வர்றாரு. அந்தக் குதிரைகளப் பாக்கத்தான் வர்றாரு. பளபளன்னு இருக்கணும், கேட்டியா?"

பளபள என்றால் ராக்குவுக்கு ஒரே வழிதான் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் அண்டாவும் குத்துவிளக்கும் விளக்குகிற வழி. புளியும் செங்கல்பொடியும் தேங்காய் நாரும் எடுத்து உட்கார்ந்தாள். கறுப்பு லேசில் விடவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆனது. ஒரு குதிரை தங்கமாக மின்னுவதற்குள் பங்களாப் புளி தீர்ந்தது. அம்மணக்காரனும் சேர்ந்து மின்னினான், கண்ணராவி. மற்றதைத் துணியால் துடைத்ததோடு சரி.

மறுநாள் முதலாளியோடு வந்த மெட்ராஸ்காரர் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, யாருங்க இதைத் தேய்ச்சது? நூறு வருஷத்துக் கறுப்புங்க. அந்தக் கறுப்புக்குத்தான் விலையே. இனி இது சாதாரண வெண்கலம்."

ராம்பிரசாத்தின் முகம் சுருங்கியது. "ஏ ராக்கு, உன்னைய யாரு இத தேய்க்கச் சொன்னா?"

"நீங்கதான மொதலாளி. பளபளன்னு இருக்கணும்னு போன்ல…"

"நானா? நான் எப்பச் சொன்னேன்?" வந்தவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பட்டிக்காட்டு ஜென்மங்க சார். தானா எதையாவது பண்ணிட்டு நம்ம மேல போடுவாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன்! ராக்குவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. தெரியாமல் செய்தது தப்புத்தான், காலில் விழச் சொன்னால்கூட விழுந்திருப்பாள். பொய்க்காரி என்றால் எப்படிப் பொறுப்பாள்? இந்த வீட்டில் ஒரு ஸ்பூன் காணாமல் போனது உண்டா?

"வாயப் பாக்காத. பொழுது சாயுறதுக்குள்ள ரூமக் காலி பண்ணு," என்றார் ராம்பிரசாத்.

வந்தவர் கறுத்த குதிரையைத் தடவிப் பார்த்தார். "ஜோடி போச்சு. பரவாயில்ல, இந்த ஒத்தையவாவது எடுத்துக்கிறேன்." ராம்பிரசாத்துக்கு உயிர் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் பேரத்தை முடிக்கலாம் என்று அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனார். அந்தச் சாப்பாடும் ராக்கு ஆக்கி வைத்ததுதான்.

பின்கட்டில் அவள் சட்டி பானையைக் கட்டினாள். அழுகை இல்லை, அத்தனையும் ஆத்திரம். பொங்கிப் போட்டு, பெருக்கித் துடைத்து, ஆயுசு முழுக்க இந்த வீட்டைக் கட்டி அழுததற்கு இதுதான் கூலி. மூட்டைக்குள் வைக்கப்போன புளிப்பானை கையில் நின்றது. அவள் சொந்தப் புளி, தேவாரம் சந்தையில் வாங்கியது.

பானையோடு எழுந்து கூடத்துக்குப் போனாள். கறுத்த குதிரையை இறக்கி மடியில் சாய்த்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. அம்மணக்காரன் நெஞ்சில் புளியை அப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

ஏப்பம் விட்டபடி வந்த ராம்பிரசாத் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். குதிரையின் கழுத்தும் பிடரியும் மின்னிக்கொண்டிருந்தன.

"அடிப்பாவி! என்னடி பண்ற?"

ராக்கு நிதானமாக எழுந்தாள். முழங்கை வரை வழிந்த கறுப்புத் தண்ணீரை முந்தானையில் துடைத்தாள்.

"நேத்து நீங்க சொல்லித் தேச்சேன், இல்லைன்னுட்டீக. இது யாரும் சொல்லல மொதலாளி. நானாத்தான் தேச்சேன்."