பேர் எழுதிய தொட்டிகள்

பூவைப் பகிர்ந்துகொள்ளும் கைகள் இருக்கும்வரை இந்த மண்ணில் மனிதம் மாளாது.

இந்த வாசகம் கொங்கு மலர்ப் பரிமாற்றப் பேரவையின் ஏழாம் ஆண்டு வசந்த விழா ஃபிளெக்ஸில், தலைவர் ராமுலுவின் கைகூப்பிய படத்துக்கு மேல், பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே பேரவையின் பெயரில் ‘மலர்ப் பரிமாற்ற’ என்ற இடத்தில் ஒரு ‘ர்’ விட்டுப்போயிருந்தது. செயலாளர் லோகப்பிரியா காலையில்தான் அதைக் கவனித்தாள். பதறிப்போய் அந்தச் சொல்லின் மேல் நான்கு சாமந்திப் பூக்களைக் குண்டூசியால் குத்திவைத்தாள். காற்றடிக்கும்போதெல்லாம் சாமந்தி விலகி உண்மையைச் சொன்னது.

வசந்தம் என்பது கோயமுத்தூரில் மாசிக் குளிர் போவதற்கும் பங்குனி வெயில் மண்டையைப் பிளப்பதற்கும் நடுவில் வரும் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துப் பேரவை விழா நடத்தும். பேரவை என்றால் பயந்துவிட வேண்டாம். நாற்பத்து மூன்று பேர் கொண்ட வாட்ஸப் குழு. அதில் பாதிப் பேர் காலை வணக்கத்தோடு சரி. மீதிப் பேர் பூத்த பூவைப் படம் பிடித்துப் போட்டு, ஒருவர் செடியை இன்னொருவர் பாராட்டி, உள்ளுக்குள் புழுங்குவார்கள். விதி ஒன்றே ஒன்று: ஒரு செடி கொடுத்தால்தான் ஒரு செடி எடுக்கலாம்.

விழா சரவணம்பட்டியில் ராமுலுவின் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. ராமுலுவுக்குப் பம்புசெட் கம்பெனி. தோட்டத்தில் மண்ணைத் தொடுவது மனைவி ரங்கநாயகி. மைக்கைத் தொடுவது ராமுலு. அவர் பேச ஆரம்பித்து இருபதாவது நிமிடத்தில், கேட்டைத் திறந்துகொண்டு ஏசுவடியான் உள்ளே வந்தார். கூட்டம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதி தன் பேச்சுக்குக் கிடைத்தது என்று நினைத்து ராமுலு குரலை உயர்த்தினார்.

ஏசுவடியானுக்கு எழுபத்தொரு வயது. போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் மடித்த கட்டைப்பை. அவர் பேரவை உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அவர் மனைவி கிளாடிஸ். கிளாடிஸ் போய்ச் சேர்ந்து வருகிற ஞாயிறோடு ஒரு வருஷம்.

கூட்டம் அடங்கியதற்குக் காரணம் உண்டு.

கிளாடிஸின் மொட்டைமாடியில் அறுபத்தொரு தொட்டிகள் இருந்தன. மாடி அவளுடைய ராஜ்யம். முழங்கால் வலிக்காரரான ஏசுவடியான் கீழேயே இருந்துகொள்வார். அவள் இறங்கி வந்து, “இன்னைக்கு வெள்ளை பூத்திருக்குதுங்க” என்றால், “ஓகோ” என்பார். அவ்வளவுதான் அவருடைய தோட்டக்கலை. அடக்கமெல்லாம் முடிந்து மூன்றாவது வாரம், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து முதல்முறையாக மாடிப்படி முழுவதும் ஏறினார். ஒவ்வொரு தொட்டியிலும் தயிர் டப்பாவை வெட்டிச் செருகிய ஒரு பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் கிளாடிஸின் குண்டு எழுத்தில் ஒரு பேர். சாஜிதா. ரங்கநாயகி. லோகு. சாஜிதா. சுரேந்தர். அறுபத்தொன்றையும் குனிந்து குனிந்து படித்தார். ஒன்றில்கூடக் கிளாடிஸ் என்று இல்லை.

இத்தனை பேர் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்காமல் போய்விட்டாளே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏசுவடியான் கோயமுத்தூர் ஜங்ஷனில் முப்பத்தாறு வருஷம் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவர். ஒரு பொருளில் ஒரு பேர் எழுதியிருந்தால் அதற்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: அந்தப் பேருக்கு உரியவர் கையில் அது போய்ச் சேர வேண்டும்.

சேர்த்தார். குட்டியானை வண்டி பிடித்து, நான்கு நடையில், அறுபத்தொரு தொட்டிகளையும் பேர் பார்த்துப் பேர் பார்த்து வீடு வீடாக இறக்கினார். ஒரு பூ உதிராமல் ஒப்படைத்துவிட்டு, “உங்களுது வந்து சேந்துருச்சுங்களா?” என்று கேட்டுக்கொண்டார். வாங்கியவர்கள் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. துக்க வீட்டு மனுஷரிடம் எப்படிக் கேட்பது? ராமுலு மட்டும், தன் மனைவி பேருக்கு வந்த ஒன்பது தொட்டிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்து, ‘அமரர் கிளாடிஸ் அம்மையாரின் இறுதி விருப்பம் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று குழுவில் போட்டார். முப்பத்தெட்டுக் கைகூப்பல்கள் வந்தன.

இப்போது அந்த மனுஷர் வெறும் பையோடு வந்து, பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் சாஜிதா பேகம். கரும்புக்கடை ஏரியாவில் வீடு, கிளாடிஸுக்கு ரொம்ப வேண்டியவர். ரங்கநாயகியும் பந்தல் காலைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“வாங்கண்ணா. சௌரியமுங்களா? மோர் குடிக்கறீங்களா?”

“வேண்டாமுங்க. ஒரு சின்ன ஒத்தாசைக்கு வந்தனுங்க. வார ஞாயித்துக்கெழமை கிளாடிஸுக்கு வருஷம். கல்லறைல ஒரு செடி வைக்கோணும். நர்சரில வாங்க மனசு ஒப்பலைங்க. அவ கையில வளந்ததா ஒண்ணு இருந்தாத் தேவலை. ஊட்டுல பாத்தா அவளுதுன்னு ஒண்ணுமே இல்லைங்க. எல்லாம் உங்களுதில்லீங்களா, அப்பவே கொண்டாந்து சேத்துப்போட்டனே.”

சாஜிதா பேகம் திரும்பிப் பார்த்தார். “எங்களுதா? ஏனுங்ணா, அதெல்லாம் நாங்க அக்காவுக்குக் குடுத்ததுங்ணா.”

“உங்க பேரு எழுதியிருந்துச்சுங்களே.”

“குடுத்தவங்க பேரத்தான் அக்கா எழுதுவாங்க. ‘செடி பேரு கூகுள்ள கெடைக்கும் சாஜி, குடுத்தவ பேரு எதுல கெடைக்கும்’னு கேப்பாங்க. அக்காவப் பாத்துத்தான் இங்க எல்லாருமே இப்ப அப்படி எழுதறோம்.”

ஏசுவடியான் மடித்த பையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

“அறுபத்தொண்ணுமாங்க?”

“அறுபத்தொண்ணும் அக்காவோடதுதாங்ணா.”

மேடையில் ராமுலு, தாவரங்களுக்கும் இதயம் உண்டு என்று விஞ்ஞானம் சொல்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கைதட்டினார்கள். ஏசுவடியானும் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, “முப்பத்தாறு வருஷத்துல ஒரு பார்சல் மாத்திக் குடுத்ததில்லைங்க நானு” என்றார்.

ரங்கநாயகி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் செடிகளைப் பார்த்தார்.

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா, அம்மணி?”

“பாக்கப் பாக்க மனசு தாங்காமத்தான் குடுக்கறீங்கன்னு நெனச்சேன். உங்க முன்னாடியே அழுதனேங்ணா.”

“செடி திரும்பக் கெடைச்ச சந்தோஷம்னு நெனச்சனுங்க.”

ஏசுவடியான், தொலைந்த பார்சலைத் தேடுகிறவருடைய குரலில், நிதானமாக விசாரிக்க ஆரம்பித்தார். அந்தத் தொட்டிகள் இப்போது எங்கே?

சாஜிதா பேகத்திடம் சேர்ந்த பதினொன்றும் மொட்டைமாடித் தரைக்குத் தட்டோடு பதிக்கும்போது வெயிலில் கிடந்து போயின. லோகப்பிரியா வீடு மாறும்போது வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ரங்கநாயகியிடம் வந்த ஒன்பதையும் ராமுலு ஒரு கல்லூரி விழாவில் தன் சொந்த அன்பளிப்பாக வழங்கி, அதற்கொரு சால்வையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“செரி, உடுங்க. தப்பு என்னுது,” என்றார் ஏசுவடியான். “அவ உங்களுக்குக் குடுத்தது இருக்குமில்லீங்களா? அவளும் பைபையாத் தூக்கிட்டு வருவாளே. அதுல ஒரு கொப்பு ஒடிச்சுக் குடுத்தாலும் போதுமுங்க.”

நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்டதும் முன்வரிசை வரைக்கும் முதுகுகள் விறைத்தன. பலருக்கு அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. “இருக்குதுங்க, ஊட்டுல இருக்குது” என்றார் ஒருவர். “ஊட்டுலதான்” என்றார் இன்னொருவர். “நாளைக்கு வாரனுங்களா?” என்று ஏசுவடியான் கேட்டதும், நாளைக்கு அவர்கள் எல்லோருக்குமே சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம் இருந்தது.

அவர் எழுந்தார். பரிமாற்ற மேசைகளில் இருநூறு தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு பட்டையாகக் குனிந்து படித்துக்கொண்டே போனார். பழைய ஆபீஸ் நடை. ராமுலுவின் பேச்சு முடிந்து, நன்றியுரையும் முடிந்து, சுண்டல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவர் படித்துக்கொண்டே போனார்.

மூன்றாவது மேசையின் ஓரத்தில் நின்றுவிட்டார்.

கத்திபோல் நீண்ட இலைகள். நடுவில் ஒரு தண்டு. அதில் கீழிருந்து மேலாக மொட்டுகள். அடியில் இரண்டு மட்டும் விரிந்திருந்தன, வெள்ளையாக. பட்டையில் வெயிலில் வெளுத்த மை. அவர் விரலால் தூசியைத் துடைத்தார்.

கிளாடி.

மண்டி போட முடியாத முழங்காலோடு ஏசுவடியான் மேசையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தொட்டிக்கு முன்னால் குனிந்தே நின்றார். தோள் குலுங்கியது. சாஜிதா பேகம் ஓடிவந்து பிடித்தார்.

“இத பாருங்க அம்மணி. அவ பேரு. நானும் இப்பிடித்தான் கூப்புடுவேன், கிளாடின்னு. வெள்ளை பூத்திருக்குதுன்னு சொல்லுவாளே, இதுதான் போல. இத்தன வருசம் கீழயே உக்காந்து ஓகோன்னு சொல்லிட்டு இருந்துபோட்டனே.”

தொட்டி ராமுலுவுடையது. விழாவின் பூப்போட்டியில் முதல் பரிசு அதற்கென்று அவரே முடிவு செய்து வைத்திருந்தது. எல்லோரும் கிளாடிஸைப் பார்த்துக் கொடுத்தவர் பேரை எழுதும்போது, தலைவர் மட்டும் ‘அது நாட்டுப்புறப் பழக்கம்’ என்று சொல்லி, செடியின் உலகப் பெயரை எழுதி வைப்பார். இதன் கிழங்கை ஊட்டியிலிருந்து ஆள் வைத்து வரவழைத்திருந்தார். செடியின் பேர் கிளாடியோலஸ். முதல் மழைத்தண்ணியிலேயே பாதிப் பேர் கரைந்துவிட்டது.

“அதுங்க...” என்று ராமுலு தொண்டையைச் செருமினார். “அது பன்னாட்டு ரகமுங்க. பட்டைல வந்து...”

“கிளாடிஸ் அக்கா குடுத்ததுதானுங்ணா,” என்றார் ரங்கநாயகி. கணவரைப் பார்த்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வையை ராமுலு இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். பேச்சைப் பாதியில் நிறுத்துவது எப்படி என்று அப்போதுதான் கற்றுக்கொண்டார்.

“எடுத்துக்கங்ணா. உங்களுதுதான்.”

“அங்கிள், ஆனா ரூல்ஸ்படி பதிலுக்கு ஒரு...” என்று ஆரம்பித்த லோகப்பிரியா, சாஜிதா பேகம் காலை மிதித்ததில் வாயை மூடினாள்.

“பதிலுக்கு ஒண்ணுமில்லைங்களே,” என்று ஏசுவடியான் தவித்தார். “கையெழுத்துப் போட்டுத் தாரனுங்க.” அழைப்பிதழின் பின்பக்கத்தில் ‘ஒரு தொட்டி, பெயர் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு ராமுலுவிடம் நீட்டினார். ராமுலு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

காரில் கொண்டுவிடுகிறோம் என்றார்கள். வேண்டாமென்றுவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தொட்டியை மடியில் வைத்து, மொட்டில் காற்று அடிக்காமல் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு போனதை, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப்போன சாஜிதா பேகம் பார்த்தார். ஜன்னல் வழியாக அவர் தலையை நீட்டி, “தண்ணி தெனமும் ஊத்தோணுமுங்களா?” என்று கேட்டார். “ஒருநா உட்டு ஒருநாங்ணா” என்று இவர் கத்துவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் ரங்கநாயகி குழுவில் குரல் செய்தி ஒன்று போட்டார். வாழ்நாளில் முதல் தடவை.

“ஏனுங்க, எல்லாருக்கும் சொல்றன். அவரு ஞாயித்துக்கெழமை காலைல ஒம்போது மணிக்குத்தான் கல்லறைக்குப் போறாராம். அதுக்குள்ள கிளாடிஸ் அக்கா நெசமாலுமே குடுத்த செடி ஒண்ணு கெடைச்சா, நானும் சாஜியும் விடியக்காலைல போயி அங்க நட்டுப்போட்டு வந்தர்றோம். அவரு கொண்டு போறது பக்கத்துல இருந்துட்டுப் போவட்டும். செம்பருத்தியோ, அரளியோ, எதா இருந்தாலுஞ் செரி. வெக்கப்படாம எடுத்துட்டு வாங்க.”

நாற்பது கைகூப்பல்கள் வந்தன. கண்ணீர்த்துளி முகங்கள் வந்தன. ராமுலு, ‘தோட்டத்தில் வாழும் கிளாடிஸ்’ என்ற தலைப்பில் நீண்ட இரங்கல் கட்டுரை ஒன்றைப் பதிவிட்டார். ஆறு வருஷத்தில் கிளாடிஸ் தங்களுக்குக் கொடுத்த செடிகளை ஆளாளுக்கு நினைவுகூர்ந்தார்கள். லோகப்பிரியா கூட்டிப் பார்த்தாள், நூற்று நாற்பது வந்தது. திங்கள், செவ்வாய், புதன் என்று மாடியிலும் பால்கனியிலும் பின்கட்டிலும் தேடினார்கள். சாஜிதா பேகம் டார்ச் அடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். சிலருக்கு வெறும் தொட்டி கிடைத்தது. ஒருவருக்குப் பட்டை மட்டும் கிடைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வரை ஒரு செடியும் வரவில்லை. நாற்பத்து மூன்று பேர் வீட்டிலும் கிளாடிஸ் கொடுத்த செடி ஒன்றுகூட உயிரோடு இல்லை.