கடலூரில் நிற்காத வண்டி

மங்கலம் போட்ட பயணத் திட்டத்தில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. அதைக் கேட்டு மகள் அனுப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

திட்டம் ஒன்றும் லேசுப்பட்டதில்லை. கடலூர் செம்மண்டலத்து வீட்டுச் சமையலறையில், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு மாதமாக எழுதிச் சேர்த்தது. ஜோத்பூருக்கு இரண்டு தாள். ஜெய்சல்மேருக்கு நான்கு தாள். அதற்கும் அப்பால் இருக்கிற மணல்மேடுகளுக்கு ஒரு தாள். அதில் ‘மணல்’ என்று எழுதியவளுக்கு அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. திரும்பும் வழியில் ஜெய்ப்பூர், அங்கிருந்து ஆபாநேரி என்கிற ஊரில் ஒரு கிணறு. எல்லாம் சேர்த்துப் பதினான்கு நாள். வரும் சித்திரை பத்தாம் தேதி புறப்பாடு என்று சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

“சித்திரையில ராஜஸ்தானா? நீயும் அப்பாவும் கருவாடாத்தான் திரும்பி வருவீங்க. அங்கல்லாம் கார்த்திகை, மார்கழியிலதாம்மா போவணும்,” என்றாள் அனுப்பிரியா.

மங்கலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கடலூர்க்காரி எவளாவது கார்த்திகையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவாளா? வங்கக்கடலில் எந்த மூலையில் காற்று சுழன்றாலும் முதலில் கடலூரைத்தான் விசாரிக்கும். அந்த மாதத்தில் இந்த ஊரில் பயணத்துக்குத் தேதி குறிக்க மாட்டார்கள். பீரோவைச் செங்கல் மேல் தூக்கி வைப்பார்கள். அதனால்தான் தேதியைச் சித்திரைக்குத் தள்ளினாள். அது பிழை என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அவள் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். புயலில் கரண்ட் போனால் மற்ற வீட்டு ஆம்பிளைகள் ஓடி வீட்டுக்குள் வருவார்கள். இவள் வீட்டு ஆம்பிளை வெளியே போவார். “பாத்துப் போங்க” என்பாள் மங்கலம். அப்புறம் கதவைத் தாழ் போடாமல் சும்மா சாத்தி வைத்து, அடுப்பில் வெந்நீர் வைத்து, அது ஆறினால் மறுபடி சூடுபண்ணி உட்கார்ந்திருப்பாள். முப்பத்துமூன்று கார்த்திகை இப்படியே போயிற்று. ‘தானே’ என்று பேர் வைத்த புயலின்போது வேலைக்குப் போனவர் ஒன்பதாம் நாள்தான் வந்தார். குளித்தார், தின்றார், தூங்கினார். எந்த நேரத்துக்கு வந்தாலும் கதவு எப்படித் திறந்திருந்தது, வெந்நீர் எப்படிக் காய்ந்திருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியை அவர் கேட்க மாட்டாரா என்று அவளுக்குள் ஓர் ஏக்கம் இருந்தது. வாய் விட்டுச் சொல்லிக் கேட்க வைக்கிற ரகமில்லை அவள்.

அந்த ஒன்பதாம் நாள், தூக்கம் கண்ணைச் செருகும்போது அவர் ஒன்று சொன்னார். “ரிட்டயர் ஆனதும் ஒன்ன மழையே பெய்யாத ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன், மங்கலம்.” சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவள் மறக்கவில்லை. இந்த ஆனி மாதம் அவர் ஓய்வுபெற்று, மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்த மறுநாளே காலண்டர் தாளைக் கையில் எடுத்துவிட்டாள்.

எடுத்தவள் அந்த ஊர்களுக்குள் போய் விழுந்தே விட்டாள். அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே தெரியாமல் போனில் வீடியோ பார்த்தாள். ஜெய்சல்மேரில் எண்ணூறு வருசத்துக் கோட்டைக்குள் இன்றைக்கும் குடித்தனம் நடக்கிறதாம். மஞ்சள் கல் மதிலில் கயிறு கட்டி ஒருத்தி பாவாடை காயப்போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க அதையே பேசினாள். ஆபாநேரிக் கிணறு அவளை ஒரேயடியாக வாயடைக்க வைத்தது. பதின்மூன்று மாடி ஆழம், மூவாயிரத்து ஐந்நூறு படி, அத்தனையும் அடியில் கிடக்கும் ஒரு குளம் தண்ணீருக்காக.

“தண்ணியத் தேடி இவ்ளோ தூரம் எறங்கியிருக்காங்க பாருங்க. நமக்கு அது கட்டில் காலு வரைக்கும் தேடி வருது,” என்றாள் புருஷனிடம்.

மணலைத்தான் அவளால் நம்பவே முடியவில்லை. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் அவள் பார்க்காத மணலா? ஆனால் மணல் என்று ஒன்று இருந்தால் அது முடிகிற இடத்தில் கடல் இருக்க வேண்டும். அங்கே மணல் முடிந்தால் மறுபடி மணல். காற்று அடித்து அடித்து அதிலும் அலை எழும்பியிருந்தது. சத்தமே இல்லாத அலை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்படிப்பட்ட இடத்துக்குக் கார்த்திகையில்தான் போக முடியும் என்றால் என்ன செய்வது? இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தாள். கடைசியில் தட்சிணாமூர்த்திதான் சொன்னார். “கார்த்திகைக்கே போடச் சொல்லு புள்ளைய. எனக்கு இனிமே என்னா புயலு? கயிறு, பெல்ட்டு எல்லாம் ஆபீசுல ஒப்படைச்சாச்சு.”

அனுப்பிரியா டிக்கெட் போட்டாள். அதிலும் ஒரு கூத்து. தெற்கேயிருந்து ஜோத்பூருக்கு வாரம் ஒரு வண்டி போகிறது. அது கடலூரைத் தாண்டித்தான் போகும், ஆனால் கடலூரில் நிற்காது. பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், அங்கே ஏறி, மறுபடி சொந்த ஊர் வழியாகவே போக வேண்டும்.

“நம்ம ஊரு வழியா போற வண்டியப் புடிக்க நாம எதுக்குப் பின்னால போவணும்?” என்று ஒரு வாரம் புலம்பினாள் மங்கலம்.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். மூன்று நாள் இருக்கும்போது அது மண்டலமானது. மங்கலம் டிவியை நிறுத்திவிட்டுப் பையில் துணி அடுக்கினாள். பழக்கம் விடுமா? ஒவ்வொரு துணியையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டினாள். டிக்கெட் நகல், ஆதார் எல்லாம் பால்பவுடர் டப்பாவுக்குள். டார்ச், மெழுகுவர்த்தி, காடாம்புலியூர்த் தம்பி வீட்டு வறுத்த முந்திரி ஒரு டப்பா, குடை இரண்டு. வீடியோ காலில் பார்த்த அனுப்பிரியா, “பாலைவனத்துக்குக் குடையாம்மா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் பையில் ஸ்வெட்டரைத் திணிக்கப் போனபோதுதான் கையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. கட்டிங் பிளேயர். அதோடு மடித்து வைத்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி. லைன் வேலைக்கு எடுத்துப் போகிற சாமான். இந்த மனுஷன் வர மாட்டார். சிதம்பரம் வரைக்கும் வந்து, வண்டி ஏற்றிவிட்டு, ‘நீ போயிட்டு வா’ என்று சொன்னாலும் சொல்வார். கேட்டுவிடலாம்தான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பிளேயரை இருந்த இடத்திலேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

கிளம்பும் அன்றைக்குக் காலையில் புயலுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை கரையைக் கடக்குமாம். இருவரும் ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றினார்கள், பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து பரணில் போட்டார்கள், கதவைப் பூட்டினார்கள். கார்த்திகையில் அந்தக் கதவு பூட்டப்பட்டது அதுதான் முதல் தடவை. மங்கலம் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள்.

சிதம்பரம் ஸ்டேஷனில் மதியம் மூன்றரைக்கே பொழுது மங்கியிருந்தது. சாரல் பிளாட்பாரத்தின் பாதி வரைக்கும் வந்தது. வண்டி அரைமணி நேரம் தாமதம் என்றார்கள். தட்சிணாமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்து எதிரே இருந்த மின்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. சார்லஸ். பதினைந்து வருசம் இவருக்குக் கீழே வேலை பார்த்து, இப்போது இவர் இடத்தில் இருப்பவன். பழக்கதோஷத்தில் இவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

“அண்ணே, எங்க இருக்கீங்க? கெடிலம் ஆத்துக் கரை ஓரமா போற லைன்ல முன்ன ஒரு போஸ்ட் சாஞ்சுதே, அது எத்தினியாவது?”

“பாலத்துலேருந்து ஏழாவது. அடியில மண்ணு இல்ல சார்லஸ், வெறும் சேறு. காத்து ஜாஸ்தி ஆவறதுக்குள்ள ரெண்டு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டிடு. ஆஃப் பண்ணிட்டியா, எர்த் போட்டியான்னு நீயே பாரு, அடுத்தவன் வார்த்தைய நம்பாத.”

“சரிண்ணே.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க இருந்தா நல்லா இருக்கும்ணே,” என்றான் சார்லஸ்.

தட்சிணாமூர்த்தி மங்கலத்தைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்துமூன்று வருசமாக இந்த இடத்தில் அவள் சொல்கிற வார்த்தை ஒன்று இருந்தது. இரண்டே சொல், ‘பாத்துப் போங்க’. அது தொண்டை வரைக்கும் வந்தது. மாட்டேன், இந்தத் தடவை சொல்ல மாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தாள்.

“டிக்கெட் போட்டாச்சு சார்லஸ். ஒங்க அண்ணி போட்ட பிளானு,” என்று சொல்லிப் போனை வைத்தார்.

வைத்த கையோடு கரண்ட் போயிற்று. விளக்கெல்லாம் அணைந்து, நின்றுபோன மின்விசிறிகள் மட்டும் காற்றில் தானாக ஆடின. தட்சிணாமூர்த்தி சடாரென்று எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். குனிந்து தன் பையை எடுத்தார். பிளேயர் இருக்கிற பை. அவ்வளவுதான், பதினான்கு நாளும் காலண்டர் தாளோடு சரி என்று நினைத்தாள் மங்கலம்.

அவர் அவள் பையையும் எடுத்து மறுதோளில் மாட்டினார். “எழுந்திரு, வண்டி வந்துடுச்சு. எஸ் ஃபோர் அந்தக் கோடியில நிக்கும்,” என்றார்.

நிஜமாகவே வண்டி வந்துகொண்டிருந்தது. அவள்தான் பார்க்கவில்லை.

இடம் பிடித்து உட்கார்ந்து, வண்டி நகர்ந்த பிறகு மங்கலம் “அந்தப் பிளேயரு எதுக்கு?” என்று கேட்டேவிட்டாள்.

“போற எடத்துல ரூம்ல பிளக் பாயிண்ட் ஒழுங்கா இருக்குமோ என்னமோ,” என்றார் அவர். கொஞ்சம் வெட்கப்பட்டார்போல இருந்தது.

வண்டி பரங்கிப்பேட்டையைத் தாண்டியது. ஆலப்பாக்கம் தாண்டியது. கடலூர் வந்தபோது மணி ஐந்தரை இருக்கும். காற்றுக்கு முன்னெச்சரிக்கையாக ஊர் முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மங்கலம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். இத்தனை வருசம் இந்த இருட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவள், இன்றைக்குத்தான் அதை வெளியே இருந்து பார்க்கிறாள். தெரிந்த தெருக்கள், தெரிந்த கூரைகள், ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. இவ்வளவு பெரிய ஊரா இது? இவ்வளவையுமா இவரும் இவர் ஆட்களும் ஒவ்வொரு கம்பமாக ஏறி மறுபடி எரிய வைத்தார்கள்? கோட்டையும் கிணறும் பார்த்து வாய் பிளந்தவளுக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

கெடிலம் பாலத்தில் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. கீழே செம்மண் நிறத்தில் ஆறு புரண்டு ஓடியது. தட்சிணாமூர்த்தி அவள் தோளைத் தொட்டு, “அதோ,” என்றார்.

கரையில் சாய்ந்த கம்பம் ஒன்று. அதன் உச்சியில், கொட்டுகிற மழையில், இடுப்பில் கட்டிய கயிற்றை மட்டும் நம்பி ஒரு ஆள் வெளியே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் கட்டிய டார்ச்தான் வெளிச்சம். கீழே முழங்கால் சேற்றில் நாலு பேர் கம்பியை இழுத்துப் பிடித்திருந்தார்கள். காற்று கம்பத்தை ஓர் ஆட்டு ஆட்டியது. மங்கலம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே இருந்தவன் காற்று போகட்டும் என்று கம்பத்தை அணைத்துக்கொண்டு நின்று, பிறகு நிதானமாக மறுபடி வேலையைப் பார்த்தான்.

“நீங்களும் இப்பிடியா?”

“ம்.”

முப்பத்துமூன்று வருசம் அவள் சோறு போட்ட ஆள், பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். புறங்கையில் பழைய தழும்பு. மங்கலம் அந்தக் கையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவளுக்குப் பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

வண்டி பாலத்தைக் கடந்தது. டார்ச் வெளிச்சம் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. தட்சிணாமூர்த்தி கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவன் வூட்டுலயும் இந்நேரம் ஒருத்தி கதவத் தாழ் போடாம, வெந்நி வெச்சிட்டு ஒக்காந்திருப்பா.”

அவர் ஒருநாளும் கேட்கவே இல்லை, ஆனாலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மங்கலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முந்திரி டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். வண்டி கடலூரில் நிற்காமலே வேகம் எடுத்தது.